விசிட் விசாவில் ஏன் போகிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஓமானில் மாட்டிக்கொண்ட பெண், துபாயில் அறையில் பூட்டி வைக்கப்பட்ட பெண் என்று செய்தி வராத மாதம் இல்லை. விசிட் விசாவில் வீட்டுவேலைக்குப் போகாதீர்கள் என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் இலங்கைப் பெண்கள் ஏன் பணியகத்தில் பதியாமல் போகிறார்கள்? விவரம் தெரியாததாலா, காசு ஆசையா?"

மட்டக்களப்பில் வெளிநாடு போன பெண்களின் குடும்பங்களுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுப்பதும், பணியகத்துக்கும் தூதரகத்துக்கும் போன் அடிப்பதுமாக எனக்குப் பதினைந்து வருடம் போய்விட்டது. இத்தனை வருடத்தில் விவரம் தெரியாமல் போன பெண்ணை நான் கண்டது மிகக் குறைவு. விசிட் விசா என்றால் என்ன, பதிவு என்றால் என்ன என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அந்தக் கணக்கைக் கேட்காமல் 'விழிப்புணர்வு' ஊட்டப் போகிறவர்களுக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து, தலையாட்டி அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் பறந்துவிடுவார்கள்.

கொரோனாவுக்கு முந்தின வருடம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முப்பத்துநாலு வயதுப் பெண். இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு மூன்றரை வயது. புருஷன் கொழும்புக்கு வேலைக்கென்று போனவர், அங்கே வேறு குடும்பமாகிவிட்டார். அந்தப் பெண் கொண்டு வந்து வைத்த பொலித்தீன் பையில் கடன் தவணை குறிக்கும் மூன்று அட்டைகள் இருந்தன. ஒன்று மாடு வாங்கியது. ஒன்று கக்கூஸ் கட்டியது. மூன்றாவது, முதல் இரண்டையும் கட்டுவதற்காக எடுத்தது. எல்லாமே குழுக்கடன், செவ்வாய்க்கிழமைதோறும் தவணை கட்ட வேண்டும். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அந்த இடத்தை விட்டு எழும்ப முடியாது, லோன்காரன் பின்னேரம் வரைக்கும் உட்கார்ந்திருப்பான். "செவ்வாய்க்கிழமை விடிஞ்சா எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரி சேர்" என்றார். அட்டையின் மூலைகள் வியர்வையில் ஊறி மடிந்துபோய் இருந்தன.

இந்தக் கடன்களைப் பற்றி ஒரு வார்த்தை. போர் முடிந்த கையோடு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் வந்து இறங்கின. புருஷனை இழந்த, அல்லது புருஷன் இருந்தும் இல்லாத பெண்கள்தான் அவர்களுடைய முதல் வாடிக்கையாளர்கள். சில கடன்களில் வருட வட்டி 200 சதவீதத்தையும் தாண்டிப் போவதாக 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணரே சொல்லிவிட்டுப் போனார். அதே வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2021 மகளிர் தினத்தன்று பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் உட்கார வேண்டித்தான் வந்தது. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பாராமல் ஒரே மாதிரி மாட்டிக்கொண்ட சங்கதி இது.

மறுபடி அந்த வீட்டுக்கு வருகிறேன். நான் போவதற்கு முதல் நாள்தான் ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சப் ஏஜென்ட் வந்து போயிருந்தார். சப் ஏஜென்ட் என்றதும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. பத்து வருடம் குவைத்தில் வேலை செய்தவர், அந்தக் காசில் ஓட்டு வீடு கட்டியவர், ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கை நிறையக் கொடுப்பவர். அவர் சொன்னது இதுதான். மெடிக்கல் பாஸானதும் ஒரு லட்சம் கையில், எயார்போர்ட் போகிற அன்றைக்கு இன்னொரு லட்சம். பாஸ்போர்ட் செலவு, கொழும்பில் தங்குகிற செலவு எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பத்து நாளில் பறக்கலாம்.

இந்த இடம் முக்கியமானது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, வெளியில் இருப்பவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆம்பிளை வெளிநாடு போவதென்றால் காசு கட்டிப் போக வேண்டும். நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டுவான். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கோ காசு கொடுத்துக் கூட்டிப் போவார்கள். காரணம், வளைகுடாவில் வீட்டுக்கு ஆள் வேண்டுகிறவர் அங்குள்ள ஆபீஸுக்குப் பெரிய தொகை கட்டுகிறார். அதில் ஒரு பங்கு கொழும்பு ஏஜென்சிக்கு, அதிலிருந்து ஒரு துண்டு சப் ஏஜென்டுக்கு, அதிலும் ஒரு துண்டு முற்பணமாகப் பெண்ணின் கைக்கு வருகிறது. ஆசை காட்டுவதற்காகக் கொடுப்பதுதான். ஆனால் லட்ச ரூபாயை மொத்தமாகக் கையில் வைக்க அந்தப் பெண்ணுக்கு இந்த நாட்டில் வேறு எந்த வழியும் இல்லை. வங்கி கொடுக்காது. நெல் அறுவடை கொடுக்காது. சீட்டு விழுவதற்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கும். அக்கா மட்டும்தான் உறையில் போட்டுக் கொண்டுவந்து தருகிறார். ஆசை என்று கேட்டீர்களே, ஓட்டு வீட்டுக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்களும் உண்டு, அதில் தவறும் இல்லை. ஆனால் நான் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் அடுத்த வாரத்துத் தவணைக் கிழமைக்குப் பயந்துதான் போனார்கள்.

பதிவு செய்து போனாலும் முற்பணம் கிடைக்கும். பிறகேன் விசிட் விசா? இங்கேதான் நம்முடைய சட்டம் உள்ளே வருகிறது.

2013 ஜூன் மாதத்தில் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போக முடியாது என்றார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் பிள்ளை இருந்தால், அதைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும், குடும்பநல மாது பார்க்க வேண்டும், பிரதேச செயலகத்தில் சிபாரிசு வேண்டும், புருஷன் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும். தகப்பன் வெளிநாடு போவதென்றால் இதில் ஒரு தாளும் தேவையில்லை. அவன் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று எந்தக் கிராம சேவகரும் கேட்கப் போவதில்லை.

மேலே சொன்ன பெண்ணை இந்தப் படிவத்துக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். சின்னவனுக்கு மூன்றரை வயது, ஆகவே அதோடு முடிந்தது. ஐந்து வயது ஆகியிருந்தாலும் கையெழுத்துக்கு எங்கே போவது? கொழும்பில் வேறொருத்தியோடு இருக்கும் மனுஷனைத் தேடிப் பிடித்தால், கையெழுத்துக்கு அவன் ஒரு விலை சொல்வான். அப்படிக் காசு கேட்டு வாங்கிய புருஷன்மாரை எனக்குத் தெரியும். புருஷன் போரில் காணாமல் போன பெண்களின் கதை இன்னும் சிக்கலானது. செத்தார் என்று மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராது. உயிரோடிருப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்க ஆளும் இல்லை. ஆள் காணவில்லை என்பதற்கே தனியாக ஒரு சான்றிதழ் கொடுக்க 2016 இல்தான் சட்டம் வந்தது. அதுவரை அந்தப் பெண்கள் அரசாங்கத் தாளில் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை.

அறிக்கை வந்த பிறகு என்ன நடந்தது? 2012 இல் பதிந்து வீட்டுவேலைக்குப் போன பெண்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 19 ஆயிரம் பேர். 2017 இல் அது 56 ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இதை வெற்றி என்று காட்டி மேடையில் பேசினவர்கள் உண்டு. குறைந்தவர்களில் ஒரு பகுதியினர் உண்மையாகவே போகாமல் இருந்திருக்கலாம், ஆடைத் தொழிற்சாலைக்குப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் மேசைக்கு வந்த முறைப்பாடுகளின் நிறம் அந்த வருடங்களில்தான் மாறியது. முன்பெல்லாம் "மகளுக்குச் சம்பளம் கொடுக்கிறான் இல்லை" என்று வருவார்கள், பதிவு இலக்கம் கையில் இருக்கும், எந்த ஏஜென்சி என்று தெரியும். பிறகு வந்தவர்களிடம் ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான் இருந்தது. எந்த நாடு என்று கேட்டால், "துபாய் எண்டுதான் சொல்லிப் போனவ, இப்ப எந்த நாடு எண்டு தெரியா" என்பார்கள்.

இந்தக் கட்டுப்பாடுகள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிய வேண்டும். திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறப்புச் சான்றிதழின்படி 1988 பெப்ரவரியில் பிறந்தவர். 2005 மே மாதம் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனபோது வயது 17. பாஸ்போர்ட்டில் மட்டும் 1982 என்று போட்டு ஆறு வயதைக் கூட்டியிருந்தார்கள். போய்ச் சில வாரங்களுக்குள் அவர் கையில் இருந்த குழந்தை இறந்தது. அவரே கொன்றார் என்று 2007 இல் மரண தண்டனை விதித்தார்கள், 2013 ஜனவரி 9 அன்று நிறைவேற்றினார்கள். உடனே நம் அரசாங்கம் சவூதிக்குப் போகும் வயதை 25 ஆக உயர்த்தியது, சில மாதத்தில் குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை வயது கூட்டி அனுப்பினார்கள் என்பதுதான் அங்கே குற்றம். அதற்கு மருந்தாக வயதை இன்னும் உயர்த்தினால், கூட்ட வேண்டிய வருடங்கள்தான் கூடும். இருபத்தைந்து ஆகாத பெண் ஒன்றில் வயதைக் கூட்டிப் பொய் சொல்ல வேண்டும், அல்லது பணியகத்துப் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். இரண்டாவது சுலபம். இன்னொன்றும் உண்டு. ரிசானா தாள்களின்படி முறையாகத்தான் போனார். பாஸ்போர்ட் இருந்தது, விசா இருந்தது. தாள் சரியாக இருப்பதும் ஆள் பத்திரமாக இருப்பதும் வேறு வேறு என்பது மூதூரில் எல்லோருக்கும் தெரியும். பதிவு செய்து போ என்று அங்கே போய்ச் சொல்பவருக்கு எப்படிப்பட்ட பார்வை கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இது இலங்கைக்கு மட்டும் உரிய முட்டாள்தனம் இல்லை. நேபாளம் 1998 இலிருந்து விட்டு விட்டுத் தடை போட்டுப் பார்த்தது. 2012 இல் முப்பது வயதுக்குக் குறைந்த பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகக் கூடாது என்றது. பெண்கள் எல்லை தாண்டி டெல்லிக்கும் மும்பைக்கும் வந்து, அங்கிருந்து பறந்தார்கள். இந்தோனேசியா தன் நாட்டுப் பெண்கள் இருவருக்குச் சவூதியில் தண்டனை நிறைவேறியதும் 2015 இல் மத்திய கிழக்கு முழுவதற்கும் வீட்டுவேலை ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. மக்கா யாத்திரைக்குரிய உம்ரா விசாவிலும் விசிட் விசாவிலும் அவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இந்தியாவிலும் அதே கதை. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்ணைத்தான் வீட்டுவேலைக்கு விடுவார்கள், அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும், முதலாளி 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்றும் விதி வைத்திருந்தார்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 இலிருந்து இருக்கிறது. ஆனாலும் ஆந்திராவின் கடப்பாவிலிருந்தும் கோதாவரி மாவட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் போகும் பெண்களைத் தேடி வருவது ஊர் ஏஜென்ட்தான். ஓர் இந்தியப் பெண்ணுக்காக 2,500 டாலரை முடக்குவதைவிட, உத்தரவாதம் கேட்காத நாட்டிலிருந்து ஒருத்தியை எடுத்துக்கொள்வது வளைகுடாக் குடும்பத்துக்கு லாபமாக இருந்தது. எங்கள் பெண்களைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி ஏஜென்டின் பக்கத்திலிருந்து பார்ப்போம். அதைப் பார்க்காமல் இது முழுதாகப் புரியாது. பதிவு வழியில் ஒப்பந்தம் தூதரகத்தில் அத்தாட்சியாக வேண்டும், பெண் வாரக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும், வளைகுடாவுக்கான மெடிக்கல், போலீஸ் அறிக்கை, பணியகக் கட்டணம், காப்புறுதி. இரண்டு மூன்று மாதம் போய்விடும். அதற்குள் பெண்ணின் மனம் மாறலாம், வேறு ஏஜென்ட் கூடுதலாகக் கொடுத்துக் கொத்திக்கொண்டு போகலாம். எமிரேட்ஸ் விசிட் விசா சில நாளில் கிடைக்கும். இன்னொரு வசதி, பதிவு வழியில் பெண்ணை இன்ன வீட்டுக்கு என்று முதலே கட்டிவிடுகிறார்கள். விசிட் விசாவில் அவள் யாருக்கும் உரியவள் இல்லை. அஜ்மானிலோ ஷார்ஜாவிலோ உள்ள 'ஆபீஸ்' ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். போனில் பெண்கள் சொல்லும் முதல் வசனம் அதுதான், "ஆபீஸ்ல இரிக்கிறன் அம்மா, இன்னும் வீடு கிடைக்கல." வருகிற குடும்பங்கள் பார்த்துத் தெரிவு செய்யும். எங்கே விலை கூடுதலோ அங்கே அவளை அனுப்புவார்கள், எல்லை தாண்டி ஓமானுக்கும் அனுப்புவார்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொல்வார்கள். திரும்பி வரும் டிக்கட் போட்டுக் கொடுப்பார்கள், சில சமயம் ஹோட்டல் புக்கிங்கும் இருக்கும். நல்ல சட்டை, செருப்பு, ஒரு கைப்பை. வயல் வேலை செய்து வெடித்த கையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்ததும் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாமலா போகும்? தெரிந்தும் விட்டுவிடுகிற இந்த ஏற்பாட்டை ஊரில் 'செட்டிங்' என்பார்கள். 2022 நவம்பரில் ஓமான் விவகாரம் வெடித்தபோது, விசிட் விசாவில் போய் மஸ்கட்டில் தவித்த பெண்களைப் பற்றிய விசாரணையில் கைதானவர்களில் அங்குள்ள நம் தூதரகத்தில் வேலை செய்த ஓர் அதிகாரியும் இருந்தார். ஆகவே 'கள்ளவழி' என்று நாம் சொல்வது காட்டுக்குள்ளால் போகிற ஒற்றையடிப் பாதை இல்லை. விமான நிலையத்தின் அதே வாசலால்தான் போகிறது.

பதியாத நிலைமை இங்கிருந்து கிளம்பும்போது மட்டும் உண்டாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகப் பதிந்து போனவர் அங்கே ஒரே இரவில் 'சட்டவிரோதம்' ஆகிவிடலாம். வளைகுடாவின் கஃபாலா முறையில் அவருடைய இகாமா, அதாவது தங்கும் அனுமதி, கஃபீல் எனப்படும் முதலாளியோடு கட்டப்பட்டது. அடி தாங்காமல், அல்லது ஆறு மாதச் சம்பளம் வராமல் வீட்டை விட்டு வெளியேறினால், ஓடிவிட்டாள் என்று கஃபீல் ஒரு முறைப்பாடு போட்டால் போதும். சவூதியில் அதற்கு 'ஹுரூப்' என்று பெயர். அப்படி வெளியேறியவர்களை நம்மாட்கள் 'கல்லிவல்லி' என்பார்கள். ஊருக்குத் தெரியாத ரகசியம் என்னவென்றால், சில கல்லிவல்லிகள் பதிந்தவர்களைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொண்டு, காலையில் ஒரு வீடு, பின்னேரம் ஒரு வீடு என்று மணிக்கணக்கில் வேலை. வெள்ளிக்கிழமை லீவு. போன் கையில். யாரும் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பதில்லை. ஒரு பெண் என்னிடம் சொன்னார், "வீட்டுக்குள்ள சட்டப்படி இருந்தன், நாலு மணித்தியாலம்தான் நித்திரை. வெளியில சட்டமில்லாம இருந்தன், எட்டு மணித்தியாலம் படுத்தன்." பிடிபட்டால் ஜெயில், வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரி இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும். குவைத்தும் எமிரேட்ஸும் இடைக்கிடை பொதுமன்னிப்பு அறிவிக்கின்றன, 2024 இல் இரண்டுமே அறிவித்தன. அதுவரை சமாளித்துவிடலாம் என்று பலர் இருக்கிறார்கள். அந்த வாழ்க்கையைக் கண்டவர்களின் தங்கைகளும் மச்சாள்மாரும் நேராக அதற்கே போகிறார்கள்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து போகிறவர்களின் கணக்கு வேறு மாதிரி. தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது 2021 இல், அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது 2024 இல். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள் என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் கையில். குவைத்தில் வீட்டுவேலைக்குச் சட்டப்படி குறைந்த சம்பளம் மாதம் 60 தினார். இன்றைய மாற்றுவிலையில் ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும், சாப்பாடும் இருப்பிடமும் அவர்களுடையது. 2022 இல் டாலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனபோது இந்த இடைவெளி ஒரே பாய்ச்சலில் விரிந்தது. அந்த வருடம் பதிந்து வெளிநாடு போனவர்களே மூன்று லட்சத்துக்கு மேல். பாஸ்போர்ட் எடுக்க பத்தரமுல்லையில் இரவு பகலாக வரிசை நின்றது. பதியாமல் போனவர்களை யார் எண்ணினார்கள்?

படிவத்தில் எழுத முடியாத காரணங்களும் இருக்கின்றன. குடிகாரப் புருஷனிடமிருந்து தப்ப துபாய் ஒரு மரியாதையான வழி. விவாகரத்து என்றால் ஊர் பேசும், வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். வெளிநாடு என்றால் பிள்ளைகளுக்காகப் போனாள் என்ற பெயர் கிடைக்கும். அதே புருஷன்தான் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால் அவள் எந்த வழியைப் பிடிப்பாள்? வயது கூடியவர்களும் உண்டு. ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் மகளின் சீதன வீட்டுக்காக இன்னொரு தடவை போகத் துடிக்கும் அம்மாக்களைப் பணியகம் எடுக்காது. பக்கத்து அக்கா எடுப்பார்.

சரி, அவர்கள் கணக்கில் பிழையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடன், முற்பணம், சம்பளம், நாட்கள், எல்லாம் சரியாகத்தான் பார்க்கிறார்கள். நினைத்தபடி நடக்காமல் போனால் என்ன செலவு என்ற வரியைத்தான் குறைத்து எழுதுகிறார்கள். அந்த இரண்டு லட்சம் அன்பளிப்பு இல்லை. மூன்றாம் மாதம் "என்னால முடியாது, அனுப்பிவிடுங்க" என்று அழுதால், அதே அக்கா ஊரில் அம்மாவிடம் வந்து, கொடுத்ததையும் டிக்கட்டையும் ஆபீஸ் செலவையும் சேர்த்து ஐந்து லட்சம் கட்டச் சொல்வார். நுண்கடனிலிருந்து தப்பிப் போன பெண் இன்னொரு கடனுக்குள் நிற்பார், இந்தத் தடவை பிணை அவருடைய உடம்பு. பதிந்து போனவருக்குப் பணியகக் காப்புறுதி இருக்கும், ஏஜென்சியின் அனுமதிப் பத்திரத்தில் கை வைக்கலாம், தூதரகத்தில் கோப்பு இருக்கும். பதியாதவருக்காக நான் போன் எடுத்தால், எதிர்முனையில் முதலில் கேட்பது பதிவு இலக்கத்தைத்தான். இலக்கம் இல்லை என்றதும் குரல் மாறிவிடும். ஆள் இறந்துபோனால் உடலைக் கொண்டுவருவதற்குக்கூட அந்த இலக்கம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை வாரம் என்று சொல்லலாம்.

ஆகவே போக வேண்டாம் என்று இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை. என் வேலைக்கு அது பொருந்தாத பேச்சு என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், இருக்கட்டும். போகப் போகிறேன் என்று வருபவரிடம், கையில் தருகிற காசுக்கு ஏதாவது தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னார்களா என்று கேட்பேன். வைத்திருந்தால் அந்தத் தாளைப் போனில் படம் எடுக்கச் சொல்வேன். பாஸ்போர்ட், விசா, அக்காவின் அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு படம் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் இருக்க வேண்டும். தூதரகத்து நம்பரைப் போனில் மட்டும் வைக்காமல் பாவாடையின் உள்மடிப்பில் எழுதித் தைத்துக்கொள்ளச் சொல்வேன். போனைத்தான் அங்கே முதலில் பறிப்பார்கள். ஆபீஸில் இருக்கும்போது சுவரில் உள்ள பெயர்ப் பலகையை ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்வேன். கொஞ்சம் பேர் கேட்டார்கள். அப்படி வந்த ஒரு பலகைப் படத்தை வைத்து ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தும் இருக்கிறோம்.

சட்டம் இடையில் தளர்ந்திருக்கிறது. 2022 இல் வயதை எல்லா நாட்டுக்கும் 21 ஆக்கினார்கள், பிள்ளையின் வயதையும் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். டாலர் தட்டுப்பாடுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருடம் பிள்ளைகளின் நலன் என்று சொன்னதெல்லாம் அந்நியச் செலாவணி தீர்ந்ததும் மறந்துபோனதைப் பார்த்துச் சிரிப்பதா என்ன என்று தெரியவில்லை. எப்படியோ, இப்போது பதிந்து போக முடிந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. விசிட் விசா நின்றுவிடவில்லை.

ஏன் என்பதை அதே படுவான்கரைப் பெண்ணிடம்தான் தெரிந்துகொண்டேன். அவர் அந்த முறை போய்விட்டார். அஜ்மான் ஆபீஸில் பத்தொன்பது நாள், பிறகு மஸ்கட்டில் ஒரு வீடு. பதினாலு மாதத்தில் வந்தார். ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது, கழுவுகிற மருந்து தெறித்ததாம். மூன்று கடனில் இரண்டு தீர்ந்திருந்தது. 2023 இல் மறுபடி என்னிடம் வந்தார். சின்னவன் பள்ளிக்கூடம் போகிறான், இந்த முறை பதிந்து போகலாமா என்று கேட்டார். போகலாம், இப்போது ஒரு தடையும் இல்லை, நானே பிரதேச செயலகத்துக்கு வருகிறேன் என்றேன். எனக்குச் சந்தோஷம்.

"பதிஞ்சு போனா எத்தின நாள் செல்லும் சேர்?"

"மெடிக்கல், டிரெயினிங் எல்லாம் சேர்த்து ரெண்டரை மாசம், மூண்டு மாசம் எண்டு வையுங்களேன்."

அவர் மாதத்தை எண்ணவில்லை. விரலை மடக்கிச் செவ்வாய்க்கிழமைகளை எண்ணினார். பன்னிரண்டு வந்தது.